அகராதி நீதிபதியா, சாட்சியா?

"அப்படி ஒரு வார்த்தையே இங்கிலீஷ்ல கிடையாது. வேணும்னா டிக்‌ஷனரியை எடுத்துப் பார்."

இந்த வசனத்தைக் கேட்காமல் நம் ஊரில் யாரும் ஆங்கிலம் கற்றிருக்க முடியாது. சொன்னவர் ஆசிரியராக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம், நம்மைவிட நாலு நாவல் கூடுதலாகப் படித்த அத்தை பையனாகவும் இருக்கலாம். கேட்டதும் வாயை மூடிக்கொள்வோம். அகராதியே சொல்லிவிட்டது என்றால் அப்புறம் அப்பீல் ஏது?

'ப்ரீபோன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் நடக்கவேண்டிய கூட்டத்தை நாளைக்கே வைத்துக்கொள்வதை நம் அலுவலகங்களில் இப்படித்தான் சொல்கிறோம். 'போஸ்ட்போன்' இருக்கும்போது 'ப்ரீபோன்' இருக்கக்கூடாதா என்ற நியாயமான கணக்கு. இதைச் சொல்லிக் கேலிக்கு ஆளான இந்தியர்கள் ஏராளம். இன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது, பெரிதும் இந்திய ஆங்கிலத்தில் வழங்குவது என்ற குறிப்போடு. அப்படியென்றால் அது அகராதியில் ஏறிய நாளுக்கு முந்தின நாள்வரை தப்பு, மறுநாளிலிருந்து சரியா? யார் தீர்மானித்தார்கள்? அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?

ஆங்கில அகராதிகளின் வரலாற்றை நான் படிக்க ஆரம்பித்ததே இந்தக் கேள்விக்காகத்தான். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. அகராதி எழுதியவர்களுக்கே இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. நாம் நீதிபதியா, இல்லை சாட்சியா? சொற்களுக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கிறோமா, இல்லை கண்டதைக் கண்டபடி சொல்லக் கூண்டில் ஏறியிருக்கிறோமா? நானூறு வருஷக் கதை முழுக்க இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

வேலை போன பாதிரியார்

ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் முதல் அகராதி என்று பொதுவாக ஏற்கப்படுவது 1604இல் லண்டனில் வந்தது. தொகுத்தவர் ராபர்ட் காட்ரி. பள்ளி ஆசிரியராகவும் கிராமத்துப் பாதிரியாராகவும் இருந்தவர். திருச்சபை மேலிடத்தோடு ஒத்துப்போகாததால் பதவியை இழந்தவர். ஆசிரியராக இருந்த மகன் தாமஸின் உதவியோடு சுமார் 2,500 சொற்களைத் தொகுத்தார்.

அந்த வருஷம் ஷேக்ஸ்பியர் உயிரோடு இருக்கிறார். 'ஹேம்லெட்' எழுதி முடித்தாயிற்று. அதாவது ஆங்கிலத்தின் ஆகப்பெரிய நாடகாசிரியர் தன் எழுத்து வாழ்க்கையின் பெரும்பகுதியை, எடுத்துப் பார்க்க ஓர் ஆங்கில அகராதி இல்லாமலேயே கடந்துவிட்டார். லத்தீன்–ஆங்கிலம், பிரெஞ்சு–ஆங்கிலம் அகராதிகள் இருந்தன. தாய்மொழிக்கு எதற்கு அகராதி என்று யாருக்கும் தோன்றவில்லை.

காட்ரிக்கு ஏன் தோன்றியது? லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு மொழிகளிலிருந்து கடினமான சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளம்போல வந்துகொண்டிருந்த காலம். பிரசங்கத்திலும் புத்தகத்திலும் அவை வரும்போது லத்தீன் படிக்காதவர்கள் திணறினார்கள். பெண்களுக்கும் அதிகம் படிப்பில்லாத மற்றவர்களுக்கும் உதவத்தான் இந்த நூல் என்று அவர் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டார். 'நாய்', 'வீடு' போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. தெரிந்த சொல்லுக்கு எதற்கு விளக்கம்?

எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. அகரவரிசையில் தேடுவது எப்படி என்று காட்ரி முன்னுரையில் பாடம் எடுக்கிறார். முதலில் எழுத்துகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், 'ஏ'யில் தொடங்கும் சொல்லைப் புத்தகத்தின் ஆரம்பத்தில் தேடுங்கள், 'வி'யில் தொடங்குவதைக் கடைசிப் பக்கம் தேடுங்கள் என்கிறார். இன்று நமக்கு மூச்சுவிடுவதுபோல ஆகிவிட்ட ஒரு பழக்கத்தை அன்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது. அந்த முதல் பதிப்பில் இப்போது ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

இங்கே தீர்ப்பும் இல்லை, சாட்சியமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். காட்ரி வெறும் வழிகாட்டி.

ஒருவரைப் பார்த்து ஒருவர்

அடுத்த நூறு வருஷம் அகராதி நல்ல வியாபாரமானது. 1623இல் ஹென்றி காக்கரம்தான் முதன்முதலில் தன் நூலுக்கு 'ஆங்கில அகராதி' என்று பெயர் வைத்தார். 1656இல் தாமஸ் பிளண்ட் என்ற வழக்கறிஞர் இன்னொன்று கொண்டுவந்தார். இரண்டே வருஷத்தில் கவி மில்டனின் மருமகன் எட்வர்ட் ஃபிலிப்ஸ் தன் அகராதியை வெளியிட்டார். அதைப் புரட்டிய பிளண்டுக்கு ரத்தம் கொதித்தது. என் அகராதியிலிருந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறான், அதையும் பிழையோடு அள்ளியிருக்கிறான் என்று 1673இல் ஒரு கண்டனப் புத்தகமே போட்டார்.

சிரிப்பாக இருந்தாலும் இந்தச் சண்டையில் ஒரு விஷயம் தெரியவருகிறது. அகராதிக்காரர்கள் சொற்களை மக்களிடமிருந்து எடுக்கவில்லை, முந்தின அகராதியிலிருந்து எடுத்தார்கள். யாரும் பேசாத, எவரும் எழுதாத லத்தீன் வாடைச் சொற்கள்கூட ஒரு புத்தகத்திலிருந்து அடுத்த புத்தகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன.

இதைக் கொஞ்சம் மாற்றியவர்கள் ஜான் கெர்சியும் நேத்தன் பெய்லியும். கெர்சியினுடையது என்று கருதப்படும் 1702ஆம் வருஷ அகராதியில் அன்றாடச் சொற்களும் இடம்பிடித்தன. 1721இல் வந்த பெய்லியின் அகராதியில் சுமார் 40,000 சொற்கள். கடினச் சொற்களின் பட்டியல் என்ற நிலை மாறி, ஒரு மொழியின் மொத்தக் கிடங்கு என்ற எண்ணம் வந்துவிட்டது.

கிடங்கு என்று வந்துவிட்டால் காவலாளி கேட்பார்கள் இல்லையா? கேட்டார்கள்.

மாடியறையில் ஒரு மனிதர்

இத்தாலியர்களுக்கு 1612லேயே ஓர் அகாதமி அகராதி போட்டுவிட்டது. பிரெஞ்சு அகாதமி 1694இல் போட்டது. இங்கிலாந்தில் மட்டும் மொழிக்கு ஒரு சபை இல்லை. ஆங்கிலம் கெட்டுப்போகிறது, அதைத் தூய்மைப்படுத்தி ஒரே இடத்தில் நிறுத்தவேண்டும் என்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் ஒரு திட்டம் எழுதினார். அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் சேர்ந்து 1746இல் ஒரு தனி ஆளைப் பிடித்தார்கள். பெயர் சாமுவேல் ஜான்சன். பணமில்லாமல் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். பேசிய தொகை 1,500 கினி. மூன்று வருஷத்தில் முடிப்பதாக ஒப்பந்தம்.

லண்டன் காஃப் ஸ்கொயரில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வேலை நடந்தது. ஆறு எழுத்தர்கள். அவர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஸ்காட்லாந்துக்காரர்களைச் சீண்டுவதில் ஜான்சன் பிரசித்தி பெற்றவர் என்பதால் இது ஒரு தனி வேடிக்கை. ஜான்சன் புத்தகங்களைப் படித்து, பயன்படும் வாக்கியத்தைப் பென்சிலால் குறிப்பார். எழுத்தர்கள் அதைச் சீட்டில் எடுத்து எழுதுவார்கள். பெரும்பாலும் நண்பர்களிடம் இரவல் வாங்கிய புத்தகங்கள். திரும்பி வந்தபோது அவை என்ன கதியில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷம் எட்டுக்கு மேல் ஆனது. நடுவில், 1752இல் மனைவி இறந்தார். 1755 ஏப்ரல் 15 அன்று இரண்டு பெரிய தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. 42,773 சொற்கள், சுமார் 1,14,000 மேற்கோள்கள். 'எடு' என்று நாம் சொல்லும் 'டேக்' என்ற ஒரே சொல்லுக்கு 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். காட்ரி ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று வார்த்தையில் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்த இடத்திலிருந்து இது எவ்வளவு தூரம்!

ஜான்சன் அகராதி பற்றி எல்லோரும் சொல்வது அதிலுள்ள குறும்பு விளக்கங்களைத்தான். ஓட்ஸ் என்ற தானியத்தை இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவார்கள், ஸ்காட்லாந்தில் மனிதர்கள் தின்பார்கள் என்ற பொருளில் எழுதியது பிரபலம். அரசாங்க ஓய்வூதியத்தை நாட்டுக்குத் துரோகம் செய்யக் கொடுக்கும் கூலி என்கிற மாதிரி வர்ணித்துவிட்டு, 1762இல் அவரே வருஷத்துக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் வாங்கினார். குதிரையின் குளம்புக்கு மேலுள்ள பகுதிக்கு முழங்கால் என்று பொருள் எழுதியிருந்தார். ஏன் என்று ஒரு பெண்மணி கேட்டபோது, அறியாமைதான் என்று ஒப்புக்கொண்டார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. 1747இல் எழுதிய திட்ட அறிக்கையில் மொழியை நிலைநிறுத்துவது, அதன் தூய்மையைக் காப்பது என்றெல்லாம் பேசுகிறார். எட்டு வருஷம் கழித்து எழுதிய முன்னுரையில் குரலே மாறிவிட்டது. மாற்றத்தை என்னால் தடுக்க முடியும் என்று கொஞ்ச காலம் நானும் நம்பினேன், அந்த எதிர்பார்ப்புக்கு அறிவிலும் இடமில்லை, அனுபவத்திலும் இடமில்லை என்கிற மாதிரி எழுதுகிறார். நீதிபதியாகப் போன மனிதர் லட்சத்துக்கு மேல் மேற்கோள்களைச் சலித்துவிட்டு, பாதி சாட்சியாகத் திரும்பியிருக்கிறார்.

பாதிதான். பல சொற்களுக்கு 'கீழ்த்தரமானது' என்ற முத்திரையைக் குத்திக்கொண்டேதான் இருந்தார். தத்துவவாதி ஹாப்ஸின் கொள்கை பிடிக்காததால் அவருடைய நூல்களிலிருந்து மேற்கோள் எடுக்க மறுத்தார். யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு இருக்கிறது.

தனிக்குடித்தனம்

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நோவா வெப்ஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. அரசியலில் பிரிந்தாயிற்று, மொழியிலும் பிரிந்துவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டல் புத்தகம் எழுதிப் புகழ்பெற்றவர். 1828இல், எழுபதாவது வயதில், 70,000 சொற்களோடு 'அமெரிக்க அகராதி'யை வெளியிட்டார். 'கலர்', 'ஹானர்' போன்ற சொற்களில் ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கும் 'யு' எழுத்தை அமெரிக்கர்கள் இன்று எழுதுவதில்லை என்றால் அதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் அவர் சொன்னதையெல்லாம் அமெரிக்கர்கள் கேட்டுவிடவில்லை. 'டங்' என்ற சொல்லை ஒலிக்கிறபடியே எழுதுங்கள், 'விமென்' என்பதையும் அப்படியே எழுதுங்கள் என்று பரிந்துரைத்தார். யாரும் சட்டை செய்யவில்லை. அகராதியின் ஆணை எதுவரை செல்லும் என்பதற்கு இது நல்ல பாடம். ஊர் ஏற்றுக்கொண்டால் விதி, இல்லையென்றால் வெறும் ஆசை. முதல் பதிப்பின் 2,500 பிரதிகள் விற்கவே சிரமப்பட்டன. 1843இல் அவர் இறந்த பிறகு மெரியம் சகோதரர்கள் உரிமையை வாங்கினார்கள். மெரியம்–வெப்ஸ்டர் என்ற பெயர் வந்த வழி இதுதான்.

இரண்டு டன் சீட்டுகள்

1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் ரிச்சர்ட் செனவிக்ஸ் ட்ரெஞ்ச் என்ற திருச்சபைப் பெரியவர் இரண்டு உரைகள் நிகழ்த்தினார். நம் அகராதிகளில் என்ன குறை என்பது பொருள். அவர் சொன்னதன் சாரம்: அகராதிக்காரர் வரலாற்றாசிரியர், விமர்சகர் அல்ல. நல்ல சொல், கெட்ட சொல் என்று பொறுக்குவது அவர் வேலையே இல்லை. ஒரு சொல் எப்போது பிறந்தது, எப்படி வளர்ந்தது, எப்போது செத்தது என்று ஆதாரத்தோடு எழுதவேண்டும்.

சொல்வது சுலபம். அதற்கு ஆங்கிலத்தில் அச்சான எல்லாவற்றையும் யாராவது படித்தாக வேண்டுமே? எந்தச் சம்பளப் பட்டியலுக்கும் அது கட்டுப்படியாகாது. எனவே பொதுமக்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் ஒரு புத்தகத்தைப் படியுங்கள், கவனத்தை இழுக்கும் சொல்லை ஒரு சீட்டில் எழுதுங்கள், வருஷம், ஆசிரியர், நூல், பக்கம், முழு வாக்கியம் எல்லாவற்றையும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள்.

முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல் முப்பது வயதில் காசநோயால் இறந்தார். அடுத்து வந்த ஃபிரடெரிக் ஃபர்னிவாலுக்கு உற்சாகம் அதிகம், ஒழுங்கு குறைவு. 1879இல் பொறுப்பு ஜேம்ஸ் மர்ரேயிடம் வந்தது. ஸ்காட்லாந்துக் கிராமத்துத் தையல்காரரின் மகன். பதினான்கு வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. மொழிகளையெல்லாம் தானாகவே கற்றவர். கொஞ்ச காலம் லண்டனில் இந்தியாவோடு தொடர்புடைய ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்போது பள்ளி ஆசிரியர்.

அவர் கைக்கு வந்த பழைய சீட்டுகள் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு டன் எடை. ஒரு மூட்டையில் செத்த எலி. இன்னொன்றில் ஒரு சுண்டெலி குடும்பமே குடியிருந்தது. 'பி–ஏ'வில் தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடைத்தன. அதற்குள் பல சீட்டுகள் அடுப்பு பற்றவைக்கப் போய்விட்டன. மர்ரே தன் பள்ளி வளாகத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உள்ளே சுவர் முழுக்கச் சிறு அறைகள் அடித்து அடுக்க ஆரம்பித்தார். 1885இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தபோது அங்கேயும் ஒரு கொட்டகை. வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து அஞ்சல் துறை அவர் வீட்டு வாசலிலேயே ஒரு தபால் பெட்டியை நட்டுவிட்டது. அவருடைய பதினொரு பிள்ளைகளும் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டு அடுக்கியே வளர்ந்தார்கள்.

பத்து வருஷத்தில் முடிப்பதாகத் திட்டம். ஐந்து வருஷம் கழித்து, 1884இல் முதல் பகுதி வந்தபோது 'ஆன்ட்' என்ற சொல்வரை வந்திருந்தார்கள். அதாவது எறும்புவரை! மர்ரே 1915இல் இறந்தபோது 'டி' எழுத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஹென்றி பிராட்லி, வில்லியம் கிரெய்கி, சார்ல்ஸ் ஆனியன்ஸ் ஆகியோர் தொடர, 1928இல் முடிந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள், 18 லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள்.

சாட்சிகளை நம்புவதிலும் சிக்கல் உண்டு என்பதை மர்ரே சீக்கிரமே கண்டுபிடித்தார். படித்தவர்கள் விநோதமான சொற்களையே குறித்தனுப்பினார்கள். 'அப்யூஷன்' என்ற வழக்கொழிந்த சொல்லுக்குச் சுமார் ஐம்பது சீட்டு. எல்லோரும் எழுதும் 'அப்யூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. மனித இயல்பு அப்படி. தினமும் வாசலில் நிற்கும் வேப்பமரத்தை யார் குறித்து வைக்கிறார்கள்?

கூண்டில் ஏறியவர்கள்

இந்தச் சீட்டுகளை எழுதியவர்களில் மூன்று வகையினரை மட்டும் சொல்கிறேன்.

வில்லியம் மைனர் அமெரிக்க ராணுவ மருத்துவர். மனநோய் முற்றிய நிலையில் 1872இல் லண்டனில் ஓர் அப்பாவித் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். அங்கே தன் அறையில் இருந்த பழைய நூல்களுக்குச் சொல்லட்டவணை தயாரித்து வைத்துக்கொண்டார். இந்த மாதம் எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு, அதற்குரிய மேற்கோளை மட்டும் அனுப்புவார். மர்ரே அவரைப் பெரிய டாக்டர் என்று நினைத்துப் போய்ப் பார்த்து அதிர்ந்தார் என்றொரு கதை உலவுகிறது. அது பத்திரிகைக் கற்பனை.

ஃபிட்ஸ்எட்வர்ட் ஹாலும் அமெரிக்கர்தான். கப்பல் உடைந்து கல்கத்தா பக்கம் ஒதுங்கியவர், காசியில் சமஸ்கிருதம் கற்று அங்கேயே கல்லூரியில் கற்பித்தவர். பிறகு லண்டனில் பேராசிரியராக இருந்தபோது சக அறிஞர்களோடு பெரும் சண்டை. வேலை போய், இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். அங்கிருந்து தினமும் மணிக்கணக்கில், சுமார் இருபது வருஷம், காசு வாங்காமல் இந்த அகராதிக்காக உழைத்தார்.

மூன்றாவது, பெண்கள். பாத் நகரில் வாழ்ந்த எடித் தாம்ஸனும் அவர் சகோதரியும் ஆயிரக்கணக்கில் சீட்டுகள் அனுப்பினார்கள், அச்சுப்படிகளையும் பார்த்துக் கொடுத்தார்கள். மர்ரேயின் மகள்களும் பிராட்லியின் மகளும் வருஷக்கணக்கில் அலுவலகத்திலேயே வேலை செய்தவர்கள். 1928இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் பிரதமர் பால்ட்வின் தலைமை தாங்கிய நிறைவு விருந்து நடந்தது. சாப்பாட்டு மேசையில் பெண்களுக்கு இலை போடவில்லை. உழைத்தவர்கள் சிலர் மாடத்தில் உட்கார்ந்து ஆண்கள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள்.

சாட்சியம் சொன்னவர்கள் இப்படிப்பட்டவர்கள். அடைபட்டவர், விலக்கப்பட்டவர், மேசைக்கு அழைக்கப்படாதவர்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு சாட்சி

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆர்தர் பர்னல் சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி, தஞ்சாவூரில் நீதிபதி. அரண்மனையிலுள்ள சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். இவரும் ஹென்றி யூல் என்ற ராணுவப் பொறியாளரும் கடிதம் மூலமாகவே சேர்ந்து, இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் பேசிய கலப்புச் சொற்களைத் தொகுத்தார்கள். 'ஹாப்ஸன்–ஜாப்ஸன்' என்ற பெயரில் அது 1886இல் வந்தது. அதைப் பார்க்க பர்னல் இல்லை, 1882லேயே இறந்துவிட்டார். மர்ரேயின் அகராதி அந்த நூலைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டது.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் ஆங்கில அகராதியில் இருப்பதைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். அதே தமிழிலிருந்துதான் 'பரையா' என்ற ஆங்கிலச் சொல்லும் போயிருக்கிறது. பறை அடித்த ஒரு சமூகத்தின் பெயர், உலகம் முழுக்க 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் புழங்குகிறது. அகராதி அந்தப் பொருளை உண்டாக்கவில்லை. நாம் இங்கே செய்த அநியாயம்தான் அங்கே சொல்லாகப் பதிவாகியிருக்கிறது. பெருமைக்கு மட்டும் சாட்சியைக் கூப்பிட்டு, இதற்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஆனால் சாட்சி சொன்னால் போதும், பொறுப்பு முடிந்தது என்றும் ஆகிவிடாது. யூதர் என்ற சொல்லுக்கு வழக்கிலிருந்த இழிவான பொருளையும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி கொடுத்திருந்தது. சால்ஃபோர்டைச் சேர்ந்த ஒரு ஜவுளி வணிகர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1973இல் வழக்கு தள்ளுபடியானது. அப்போதைய ஆசிரியர் ராபர்ட் பர்ச்ஃபீல்ட் பதிவை நீக்கக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். எனக்கு அதில் உடன்பாடுதான். நீக்கினால் வரலாறு பொய்யாகிவிடும். ஆனால் 'இது இழிவுபடுத்தும் வழக்கு' என்ற ஒரு வரிக் குறிப்பு அந்த இடத்தில் எவ்வளவு முக்கியம் என்பதை அந்த வணிகரின் கோபம் உணர்த்திவிட்டது. கூண்டில் நிற்பவர் உள்ளதைச் சொன்னால் மட்டும் போதாது, முழுக்கச் சொல்லவேண்டும்.

சாட்சி தடுமாறினால்

தடுமாறியதும் உண்டு. மர்ரேயின் கொட்டகையில் 'பாண்ட்மெய்ட்', அதாவது அடிமைப் பெண் என்ற சொல்லின் சீட்டுகள் தொலைந்துபோயின. அந்தச் சொல் இல்லாமலேயே தொகுதி அச்சாகிவிட்டது. 1933ஆம் வருஷப் பின்னிணைப்பில்தான் அதற்கு இடம் கிடைத்தது.

1934 வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பில் நேர் எதிரான கூத்து. 'டி' என்ற எழுத்து அடர்த்தியைக் குறிக்கும் என்று சொல்ல, 'பெரிய டி அல்லது சின்ன டி' என ஒரு சீட்டு எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'டி ஆர் டி'. யாரோ அதைச் சேர்த்துப் படித்து 'டோர்ட்' என்று ஒரு சொல்லாக்கி, அடர்த்தி என்று பொருளும் போட்டுவிட்டார்கள். பிறப்பே இல்லாத அந்தச் சொல் அகராதியில் ஏறி உட்கார்ந்திருந்தது. 1939இல் ஓர் ஆசிரியர், இதற்கு வேர்ச்சொல் விளக்கமே இல்லையே என்று சந்தேகப்பட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

அதாவது 'டோர்ட்' அகராதியில் இருந்தது, மொழியில் இல்லை. 'பாண்ட்மெய்ட்' மொழியில் இருந்தது, அகராதியில் இல்லை. "டிக்‌ஷனரியை எடுத்துப் பார்" என்பவர்களுக்கு இந்த இரண்டு சொற்களே போதுமான பதில்.

நீதிபதி வேண்டும் என்றார்கள்

1961இல் ஃபிலிப் கோவ் ஆசிரியராக இருந்து வெப்ஸ்டர் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார். ட்ரெஞ்ச் நூறு வருஷம் முன்னால் சொன்னதைக் கறாராகச் செயல்படுத்திய புத்தகம். 'பேச்சுவழக்கு' என்ற முத்திரையைத் தூக்கிவிட்டார். சினிமா, பத்திரிகை, துப்பறியும் நாவல் என்று பல இடங்களிலிருந்து மேற்கோள். பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கித் தரும் 'எய்ன்ட்' என்ற சொல்லைப் படித்தவர்களும் பல பகுதிகளில் பேசுகிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்.

அமெரிக்கப் பத்திரிகைகள் கொந்தளித்தன. மொழிக்கே துரோகம் என்று தலையங்கம் எழுதினார்கள். அமெரிக்கன் ஹெரிடேஜ் நிறுவனம் மெரியம் கம்பெனியையே விலைக்கு வாங்கப் பார்த்தது. முடியாமல்போகவே, 1969இல் தானே ஓர் அகராதி போட்டது. எது சரி, எது தவறு என்று எழுத்தாளர்களும் அறிஞர்களும் வாக்களிக்கும் ஒரு குழுவை அதற்கு வைத்தது.

இந்தக் கோபத்தை வெறும் மேட்டிமைத்தனம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. காசு கொடுத்து அகராதி வாங்கும் சாதாரண மனிதருக்கு ஒரு பயம் இருக்கிறது. விண்ணப்பத்தில், நேர்காணலில், அலுவலகக் கடிதத்தில் தப்பாக ஒரு சொல் விழுந்தால் கதவு மூடிவிடும் என்ற பயம். காட்ரி யாருக்காக எழுதினாரோ அந்த மக்கள்தான் இவர்கள். அவர்களுக்கு வரலாறு வேண்டாம், மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க வழி வேண்டும். கதவு மூடுவது அகராதியால் அல்ல, கதவருகே நிற்கும் ஆட்களால். ஆனால் அந்த ஆட்கள் கையில் பிடித்திருப்பது அகராதியை.

ஆகவே அகராதியை எப்படிப் படிப்பது என்பதைக் கற்றுக்கொள்வது நமக்கு லாபம். அடுத்த முறை ஒரு சொல்லைத் தேடும்போது பொருளோடு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் சாய்வெழுத்தில் இருக்கும் குறிப்பைப் பாருங்கள். எந்த ஊரில் வழங்குகிறது, பேச்சிலா எழுத்திலா, யாரையாவது புண்படுத்துமா, வழக்கொழிந்ததா என்று அங்கேதான் சொல்லியிருப்பார்கள். முதல் மேற்கோளின் வருஷத்தையும் பாருங்கள். இந்தச் சொல்லை இந்த வருஷத்தில் இவர் இப்படி எழுதினார், நான் பார்த்தேன் என்பதுதான் அகராதி நமக்குத் தரும் வாக்குமூலம். பார்க்கவில்லை என்று அது சொன்னால், பார்க்கவில்லை என்று மட்டுமே பொருள்.

அந்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறவர்கள் மனிதர்கள். 'ப்ரீபோன்' என்று சொன்ன ஆளைப் பார்த்துச் சிரித்தவர்களும் மனிதர்கள்தான். அகராதி ஒருபோதும் சிரிக்கவில்லை. ஆதாரம் வந்து சேரும்வரை காத்திருந்தது, வந்ததும் குறித்துக்கொண்டது.